முறிந்த இடத்துக்குக் கீழே

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்று சொல்லி வளர்க்கிற ஊர்கள் அவை. அந்த இழப்பைப் பணக் கணக்கில் மட்டும் சொல்லிவிட முடியாது.

புயலில் கிளையெல்லாம் போய் மொட்டையாக நிற்கும் முருங்கையும் வேம்பும் சில வாரங்களில் துளிர்த்துவிடும். கொண்டை முறிந்த தென்னை மட்டும் ஏன் திரும்ப வருவதில்லை?

முறிந்த முருங்கைக் கிளை ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முறிவில் பிசின் கசிந்து உறைந்திருக்கும். அதற்குக் கீழே, முன்பு இலைக்காம்பு உதிர்ந்த தழும்புக்குச் சற்று மேலே, கடுகளவு பச்சைப் புடைப்பு தெரியும். புயலுக்கு அப்புறம் உருவானதல்ல அது. இலை இருந்த காலத்திலேயே அதன் கக்கத்தில் உருவாகி உறங்கிக் கிடந்த மொட்டு.

அதை உறங்க வைத்திருந்தது கிளையின் நுனிதான். நுனிக்குருத்தில் சுரக்கும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கும். சர்க்கரையையும் நுனியே பெரும்பங்கு இழுத்துக்கொள்ளும். நுனி போனதும் ஆக்ஸின் குறைகிறது, சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் அங்கே செல்களைப் பெருக வைக்கிறது.

சரி, இலையே இல்லாத மரத்துக்குச் சர்க்கரை ஏது? தண்டிலும் வேரிலும் நல்ல நாளில் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் கரைந்து வருகிறது. முருங்கையைக் கவாத்து செய்வதும், போத்தை வெட்டி நட்டு மரமாக்குவதும் இந்தச் சேமிப்பை நம்பித்தான்.

தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சியில். மட்டைகளின் கக்கத்திலும் மொட்டு உண்டு, ஆனால் அது கிளையாகாது, பாளையாகிவிடும். அதனால் குருத்து போனால் மரமே போயிற்று.

குருத்தும் கொஞ்சம் வேரும் தப்பிய மரம் பிழைத்துக்கொள்ளும். சாய்ந்த மரத்தின் வளரும் பகுதியில் ஆக்ஸின் கீழ்ப்புறம் கூடுதலாகச் சேரும். அந்தப் பக்கம் வேகமாக வளர, நுனி வளைந்து மேலே திரும்பும். படுத்த தண்டு படுத்தபடியே இருக்கும், புதிதாக வளர்வது நேராகப் போகும். கடலோரத்தில் வில்போல் வளைந்து நின்று காய்க்கிற தென்னைகள் பலவும் இப்படி எழுந்தவைதான்.

மற்றபடி புதுப் பிள்ளைதான் வைக்க வேண்டும். நெட்டை ரகம் பாளை விட 6, 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை தோப்புக்காரர் குடும்பத்துக்கு இடையில் போட்ட உளுந்தும் கடலையும்தான் சோறு.