இணைபுக் குணகம்: இணை கலையாத கணக்கு

இலங்கை மலையகத்தில் உயர்தரம் படிக்கிறவரின் கொப்பியில் ‘இணைபுக் குணகம்’ என்றிருப்பது, தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘ஒட்டுறவுக் கெழு’. இரண்டு அளவுகள் எவ்வளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் சொல்லும் எண் இது. ஆங்கிலத்தில் கோரிலேஷன் கோஎஃபிஷியன்ட். 1888இல் பிரான்சிஸ் கால்டன் ‘கோ-ரிலேஷன்’ என்று புள்ளிவிபரத்துக்குள் கொண்டுவந்த சொல் அது. நாம் இன்று போடும் சூத்திரத்தை 1896இல் நிறுவியவர் கார்ல் பியர்சன். குணகத்திலுள்ள ‘குணம்’ பண்பைக் குறிப்பதல்ல. குணித்தல் என்றால் பெருக்குதல்.

‘ஒட்டுறவு’ என்றதும் சொந்தபந்தம் நினைவுக்கு வருகிறது. ஒன்றால் மற்றது விளைந்தது போலவும் தோன்றிவிடுகிறது. ‘இணைபு’ அவ்வளவு தூரம் போகாது, சோடி சோடியாக நிற்பதை மட்டும் சொல்லும். கணக்குக்கும் அதுதான் வேண்டும்.

விளக்கத்துக்காக ஐந்து வாரம் எடுப்போம். மழை பெய்த நாட்கள்: 2, 3, 4, 5, 6. ஒருவர் நாளொன்றுக்கு எடுத்த தேயிலைக் கொழுந்து, கிலோவில்: 14, 16, 17, 20, 18. சராசரி 4, 17. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தால் விலகல்கள்: மழையில் -2, -1, 0, 1, 2. கொழுந்தில் -3, -1, 0, 3, 1. ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் சராசரி பிழை, அல்லது அதை முழு எண்ணாக்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று திருத்துங்கள்.

விலகல்களைச் சோடி சோடியாகப் பெருக்கிக் கூட்டினால்: 6+1+0+3+2 = 12. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகைகள் 10, 20. இரண்டையும் பெருக்கினால் 200, வர்க்கமூலம் 14.14. 12 ÷ 14.14 = 0.85.

மூலம் எடுக்க மறந்தால் 0.06 வரும், தொடர்பே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். 12ஐ 10ஆல் மட்டும் வகுத்தால் 1.2. இணைபுக் குணகம் -1க்கும் 1க்கும் வெளியே போகாது என்பதால் இந்தப் பிழை தானே காட்டிக்கொடுக்கும். (அந்த 1.2 வீணான எண்ணுமல்ல: மழைநாள் ஒன்று கூடும்போது எத்தனை கிலோ கூடுகிறது என்ற புள்ளிகளின் ஊடாகப் பொருத்தும் நேர்கோடான பிற்செலவுக் கோட்டின் சரிவு.)

காட்டிக்கொடுக்காத பிழைதான் பொல்லாதது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று கொழுந்து நிரலை மட்டும் 14, 16, 17, 18, 20 என ஏறுவரிசையில் எழுதினால், விலகல் கூட்டுத்தொகை பூச்சியமாகவே இருக்கும், வர்க்கங்களும் மாறா. பெருக்கக் கூட்டுத்தொகை மட்டும் 14 ஆகி, விடை 0.99 என்று அழகாக வரும். ஐந்தாம் வாரத்து மழை நாலாம் வாரத்துக் கொழுந்தோடு சோடி சேர்ந்ததை எந்தச் சரிபார்ப்பும் பிடிக்காது. ஆகவே வார எண்ணுக்கென்று முதல் நிரல் ஒன்றை விட்டு, வரியை வரியாகவே நகர்த்துங்கள்.