கிராஃபைட் பங்கு வாங்கும் முன் சல்லடைக் கணக்கைக் கேளுங்கள்

"மின்சாரக் கார் பெருகுகிறது, பேட்டரிக்கு கிராஃபைட் வேண்டும், ஆகவே இந்தச் சுரங்க நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா?" தாதுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. முதல் இரண்டும் உண்மை. அந்த 'ஆகவே'யில்தான் பணம் தொலைகிறது.

லித்தியம் அயனி பேட்டரியில் லித்தியத்தைவிட கிராஃபைட்டின் எடை பல மடங்கு அதிகம். ஆனால் கிராஃபைட் ஒரே சரக்கு அல்ல. செம்பைப் போல உலோகச் சந்தையில் அன்றைய விலை பார்த்து விற்கும் பொருளும் அல்ல. செதிலின் (பாறைக்குள் கிராஃபைட் இருக்கும் மெல்லிய தகட்டின்) அளவு, கார்பன் சதவீதம், கலந்துள்ள மாசு எனப் பார்த்து, இரு தரப்பும் பேசி முடிக்கும் விலை அது. பொதுவாகச் செதில் பெரிதானால் விலையும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் மாதிரி மூட்டை ஒன்றை அனுப்பியது. கூட வந்த கடிதத்தில் 'பெரும்பகுதி பெருஞ்செதில்' என்றிருந்தது. 300, 180, 150 மைக்ரான் சல்லடைகளை அடுக்கி, நூறு கிராம் கொட்டிக் குலுக்கினோம். 180-க்கு மேல் தங்கியது, அதாவது பெருஞ்செதில், பதினோரு கிராம்தான். அடித்தட்டில் கறுப்பு மாவு குவிந்து கிடந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை; பாறைத் துண்டை நுண்ணோக்கியில் வைத்தபோது பெரிய செதில்களை நானே பார்த்தேன். கார்பனை 95 சதவீதத்துக்குக் கொண்டுவர மறுபடி மறுபடி அரைத்ததில் எல்லாம் நொறுங்கிவிட்டன. அறிக்கையில் பாறையின் செதிலைக் காட்டுவார்கள். விற்பனைக்குப் போவதோ ஆலையிலிருந்து வரும் செதில்.

பொடிச் செதிலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு, பேட்டரிக்கு அதுதான் போகிறது. ஆனால் அதை உருண்டையாக்கி 99.95 சதவீதத் தூய்மைக்குக் கொண்டுபோக வேண்டும். உருட்டும்போதே ஏறக்குறைய பாதி கழிந்துவிடும். இந்த வேலையைச் செய்யும் ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை சீனாவில் இருக்கின்றன. 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கேட்பதால் மற்ற நாட்டுச் சுரங்கங்களுக்கு நல்ல காலம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே சீனா கோக் என்ற கரிப்பொருளிலிருந்து செயற்கை கிராஃபைட்டையும் மலைபோலச் செய்து குவிக்கிறது. அது மலிந்தால் பேட்டரிக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். மொசாம்பிக்கின் பலாமா, உலகின் மிகப் பெரிய கிராஃபைட் சுரங்கங்களில் ஒன்று. 2019-இல் விலை சரிந்தபோது அது உற்பத்தியைக் குறைத்தது. மின்சாரக் கார் பெருகும் என்ற பேச்சுக்கு அப்போதும் குறைவில்லை.

இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. எஃகை உருக்கும் மின்வில் உலைகளின் மின்முனைத் தேவையையும் தங்கள் சந்தைக் கணக்கில் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். அந்த மின்முனைகள் செயற்கை கிராஃபைட்டால் ஆனவை. சுரங்கத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எஃகுத் துறையில் இயற்கை கிராஃபைட் பெரும்பாலும் போவது உலைச் செங்கல்லுக்கு. அங்கேதான் பெருஞ்செதிலுக்கு நிதானமான கிராக்கி.

ஒரு சுரங்க நிறுவனத்தின் அறிக்கையில் நான் முதலில் புரட்டுவது கொள்முதல் ஒப்பந்தப் பக்கத்தைத்தான். அளவும் விலை முறையும் எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தமா, வெறும் புரிந்துணர்வா? வாங்குபவர் சரக்கைச் சோதித்து ஏற்றுக்கொண்டாரா? பேட்டரி நிறுவனங்களின் சோதனை ஓராண்டுக்கு மேலும் இழுக்கும். அதுவரை சுரங்கத்தில் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

அந்த மூட்டையை அனுப்பிய நிறுவனத்தின் அடுத்த அறிக்கையைத் தேடிப் படித்தேன். 'பெரும்பகுதி பெருஞ்செதில்' அப்படியே இருந்தது. சல்லடை அட்டவணையைத்தான் காணவில்லை.