வெள்ளை நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா ஏன்?

பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிவாக்கில் முட்டம் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். உயரத்தில் சிரியஸ். கீழே, கடலுக்கு மேல் ஏறத்தாழ 29 டிகிரியில், அகத்தியர் நட்சத்திரம் எனப்படும் கனோபஸ். விலை குறைந்த லென்ஸ் தொலைநோக்கியைச் சிரியஸ் பக்கம் திருப்புங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் ஊதா மூட்டம். அந்த மூட்டத்தை உண்டாக்குவது லென்ஸ்தான். இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர்.

கண்ணாடி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கிறது. 1 மீட்டர் குவியத் தூரமுள்ள (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம்) ஒற்றை லென்ஸில், நீலம் குவியும் இடம் சிவப்பு குவியும் இடத்துக்குச் சுமார் 15 மில்லிமீட்டர் முன்னால் வந்துவிடும். ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, எங்கே நகர்த்தினாலும் ஒரு நிறம் கூர்மையாகும், மற்றவை வட்டமாகப் பரவும். குவியத் தூரத்தை நீட்டினால் குறை அடங்கும் என்பதால் 17ஆம் நூற்றாண்டில் வானியலாளர் ஹெவேலியஸ் சுமார் 45 மீட்டர் நீளத்துக்கே ஒரு தொலைநோக்கியைக் கட்டினார். நியூட்டன் 1668இல் லென்ஸை விட்டுவிட்டு, ஒளியைப் பிரதிபலித்துக் குவிக்கும் ஆடிக்கு மாறினார்.

அப்புறம் வந்த தீர்வு மிக அழகானது. ஒளியை ஒரே அளவு வளைத்தாலும், பிளிண்ட் கண்ணாடி கிரவுன் கண்ணாடியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிறம் பிரிக்கும். வலுவான கிரவுன் குவிலென்ஸோடு வலு குறைந்த பிளிண்ட் குழிலென்ஸைச் சேர்த்தால் நிறப்பிரிவு கழிந்துபோகும், குவிக்கும் திறனில் ஒரு பங்கு மிஞ்சும். லண்டனில் ஒளியியல் கருவிகள் செய்த ஜான் டாலண்ட் 1758இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண லென்ஸ் தொலைநோக்கிகளிலும் இந்த ஜோடிதான்.

ஆனால் ஜோடி லென்ஸ் இரண்டு நிறங்களைத்தான் ஒரே இடத்தில் சேர்க்கும். 1 மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவில் பிழை மிச்சம் இருக்கும். ஊதா இன்னும் தள்ளிப் போய்க் குவியும். சிரியஸ் ஊதா ஒளியை நிறையத் தருவதால் மூட்டம் கண்ணில் படுகிறது. பக்கத்திலேயே செந்நிறமாக இருக்கும் திருவாதிரையில் அது அவ்வளவாகத் தெரியாது. தொலைநோக்கியின் மூடியில் சின்ன ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் குறையும், ஊதாவும் நன்றாகவே குறையும்.

சரி, இனி கனோபஸ். அதன் மேல் விளிம்பில் நீலமும் கீழ் விளிம்பில் சிவப்பும் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். லென்ஸின் நிறம் நாலா பக்கமும் சமமாக இருக்கும். மேல் கீழாகப் பிரிப்பது, தாழ்வாக வரும் ஒளியை முப்பட்டகம்போல வளைக்கும் காற்று. ஆடித் தொலைநோக்கியிலும் இது தெரியும். பிம்பம் தலைகீழாக விழும் தொலைநோக்கியில் நிறங்களும் இடம் மாறும். கனோபஸ் இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தும் பயனில்லை, நமக்கு 29 டிகிரிதான் அதன் உச்சம். சென்னையில் அது 24 டிகிரிதான் ஏறும் என்பதால், அங்கே இந்த நிறப்பிரிவு இன்னும் கூடுதல்.