பழைய தீத்தழும்பில் ஆறாத புண்

இந்த ஆண்டில் ஒரே காரணத்துக்காக அறுவை மருத்துவராக நான் வெட்டி எடுக்க நேர்ந்த மூன்றாவது கால் இது. கவுந்தப்பாடிப் பக்கத்து விவசாயி அவர், வயது 52. 14 வயதில் கரும்பு ஆலைக் கொட்டகையில் கொதிக்கும் பாகு கொட்டிக் கணுக்காலுக்கு மேலே வெந்த இடம், அன்றிலிருந்து அவ்வப்போது வெடிப்பதும் ஆறுவதுமாக இருந்திருக்கிறது. கடைசியாக வெடித்தது மட்டும் 14 மாதங்களாகியும் ஆறவில்லை. "நெருப்புப் பட்ட எடமுங்க, எப்பவும் இப்படித்தானுங்க" என்றார். சுற்றியிருந்த வேட்டித் துணியை அவிழ்த்தபோது, காய்ந்த மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும் அடியில், காலிஃபிளவர் போலப் பூத்து, தொட்டதும் ரத்தம் கசியும் சதை இருந்தது. புண்ணின் ஓரம் வெளிப்புறமாகப் புரண்டு, பழைய தோல் செருப்பின் விளிம்பு போல இறுகியிருந்தது.

இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். 1828-இல் தழும்புகளில் தோன்றும் இவ்வகைப் புண்களை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. தீத்தழும்பிலும், ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் எலும்புப் புண்ணிலும், ஆறாத நரம்புச்சுருள் (வெரிகோஸ் வெயின்) புண்ணிலும், பெரும்பாலும் 20, 30 ஆண்டுகள் கழித்து வரும் தோல் புற்றுநோய் இது. அபூர்வமானதுதான், ஆனால் சாதாரணத் தோல் புற்றுநோயைவிட வேகமாக நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது. நோயாளிக்குச் சர்க்கரையும் இருந்துவிட்டால் 'சர்க்கரைப் புண்' என்ற முத்திரை விழுந்து, ஒருவரும் அதற்கு மேல் யோசிப்பதில்லை. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி எழுதும் சக மருத்துவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஆனால் அந்த விவசாயியின் காலைக் காப்பாற்ற முடியாமல் செய்தது வேறொன்று. ஆறு மாதங்களுக்கு முன்பே ஒரு மருத்துவர் சதைப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். "கத்தி பட்டாப் பரவிருமுங்க" என்று உறவினர்கள் சொல்ல, குடும்பம் வீடு திரும்பிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை ஈரோட்டிலும் கேட்கிறேன், தாராபுரத்திலிருந்து வருபவர்களிடமும் கேட்கிறேன். பயாப்ஸி எனும் இந்தச் சதைப் பரிசோதனையில் நாங்கள் எடுப்பது, மரத்துப்போகும் ஊசி போட்டு, துவரம்பருப்பு அளவிலான சில துண்டுகள். அதனால் இந்தப் புற்றுநோய் பரவுவதில்லை. ஊரில் யாருக்கோ கத்தி பட்ட பிறகு நோய் முற்றியதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர் நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கே வந்திருப்பார், கத்தி படும் முன்பே அது பரவியிருக்கும், படாமல் இருந்தாலும் அதே நிலைக்குத்தான் வந்திருப்பார். ஏதோ சில கட்டிகளில் எந்த வழியாக ஊசியைச் செலுத்துவது என்பதில் கவனம் வேண்டும் என்பது உண்மை. அது அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலை, பரிசோதனையையே மறுப்பதற்கான காரணம் அன்று.

மூன்று மாதங்களில் ஆறாத புண் எதுவானாலும் பயாப்ஸி செய்யுங்கள். பழைய தழும்பில் திடீரென நாற்றம், ரத்தக்கசிவு, மேலெழும் சதை தெரிந்தால் மூன்று மாதமும் காத்திருக்காதீர்கள். நடுவிலுள்ள அழுகலில் எடுத்த துண்டில் நோய் தெரியாமல் போகலாம் என்பதால், புண்ணின் ஓரத்தில் பல இடங்களில் எடுக்க வேண்டும். 'புற்றுநோய் இல்லை' என்று முடிவு வந்தும் புண் ஆறாவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே வந்தால், சுற்றிலும் குறைந்தது 2 செ.மீ. நல்ல தோலோடு சேர்த்து அகற்றி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, காலைக் காப்பாற்றிவிடலாம். எலும்பைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் காலை எடுப்பதைத் தவிர வழியில்லை. இவருக்கு எலும்பும் அரித்திருந்தது, தொடையிடுக்கில் நெறியும் கட்டியிருந்தது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு இடமுண்டு. வேறிடத்தில் பயாப்ஸி ஆகியிருந்தால் அறிக்கைத் தாளோடு நிற்காமல், எடுத்த சதை பதிந்த கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) மெழுகுக் கட்டியையும் (பிளாக்) கேட்டு வாங்கி வாருங்கள். அவை கையில் இருந்தால், முதலிலிருந்து தொடங்கும் நாட்கள் மிச்சமாகும்.