மாவில் சேர்க்கும் சத்து, உடலில் சேர்கிறதா? தென்னாப்பிரிக்காவின் செறிவூட்டல் விதி

மீலி மீல் என்று நாம் அழைக்கும் மக்காச்சோள மாவிலும், ரொட்டி சுடப் பயன்படும் வெள்ளை, பழுப்புக் கோதுமை மாவுகளிலும் எட்டு நுண்சத்துகளைச் சேர்த்தே விற்க வேண்டும் என்பது 2003 அக்டோபர் முதல் தென்னாப்பிரிக்காவில் நடைமுறையில் உள்ள விதியாகும். வைட்டமின் ஏ, பி1, பி2, நியாசின், பி6, ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் ஆகியவையே அந்த எட்டு. இதற்காக யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. மாவு ஆலையிலேயே சத்து கலந்துவிடுவதால், ஆடி மாதத்தில் அந்த மாவில் காய்ச்சி மாரியம்மனுக்கு ஊற்றும் புளித்த கூழில்கூட அது இருக்கிறது.

1994இல் நடந்த தேசிய ஆய்வில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு வைட்டமின் ஏ குறைவாக இருந்தது தெரியவந்தது. அத்தகைய கண்டுபிடிப்புகளின் தொடர்ச்சியாகவே இவ்விதி பிறந்தது. இதன் தெளிவான பலன் ஃபோலிக் அமிலத்தில் கிடைத்தது. கருவின் தண்டுவடமாகவும் மூளையாகவும் வளரும் நரம்புக் குழாய் கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. பெரும்பாலான பெண்கள் கிளினிக்குக்குச் செல்வதற்கு முன்பே அந்தக் காலம் கடந்துவிடும். மாத்திரையால் எட்ட முடியாத அந்த நாள்களை ரொட்டியால் எட்ட முடிந்தது. விதி வந்தபின் நரம்புக் குழாய்க் குறைபாடுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. வைட்டமின் ஏ நிலையிலோ முன்னேற்றமே இல்லை என்பதை 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மாவில் இருப்பது அப்படியே இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. விதி நடைமுறைக்கு வந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட இரும்புத் தூள் மாவின் நிறத்தையும் சுவையையும் கெடுக்காது. ஆனால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும். டர்பனில், ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய பன்னி சாவ் சாப்பிட்ட கையோடு கெட்டித் தேநீர் குடிப்பது பலருக்கு வழக்கம் (எனக்கும்தான்). தேயிலையின் டானின் இருக்கிற இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, உணவோடு எலுமிச்சையோ தக்காளியோ சேர்ப்பது உறிஞ்சலுக்கு உதவும்.

சிலருக்குக் குடலே தடை. சீலியாக் நோயில் கோதுமையின் குளூட்டன் சிறுகுடலின் உறிஞ்சும் விரல்நீட்சிகளைச் சிதைப்பதால், நன்றாகச் சாப்பிட்டும் இரத்தசோகையும் எடைக்குறைவும் வரும். இவர்கள் ரொட்டியைக் கைவிடும்போது அதிலுள்ள சத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள். மக்காச்சோளத்தில் குளூட்டன் இல்லை என்பதால், கோதுமை கலவாத மீலி மீல் அவர்களுக்கு ஏற்றது.

நம் தமிழ் வீடுகளைப் பொறுத்தவரை இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். அரிசி இவ்விதிக்குள் வராது. மூன்று வேளையும் சோறு உண்ணும் குடும்பத்துக்கு இதனால் பயன் சொற்பமே. பி12 அந்த எட்டில் இல்லை. நீரிழிவுக்காகப் பல்லாண்டுகள் மெட்ஃபார்மின் எடுப்போருக்கு அதன் உறிஞ்சல் குறையலாம். முழுச் சைவராகவும் இருந்தால் ஆபத்து கூடும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால் வந்தது என்றே விட்டுவிடாமல், பி12 பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மாவுக்கு அப்பால் கிடைக்கும் உரிமைகளும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 1994 முதல் அரசு மருத்துவம் இலவசம். கர்ப்ப காலத்தில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை அரசு கிளினிக்கிலேயே பெறலாம். குழந்தைக்கு ஆறு மாதத்தில் ஒரு லட்சம் அலகும், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகும் வைட்டமின் ஏ தரப்படுகிறது. ஒவ்வொரு தவணையும் 'ரோட் டு ஹெல்த்' என்ற குழந்தையின் உடல்நலப் பதிவுக் கையேட்டில் குறிக்கப்படும். எடை கூடாமல் நிற்கும் கோடும் அதே கையேட்டில்தான் முதலில் தெரியும் என்பதால், சாதாரணச் சளிக்காகப் போகும்போதும் அதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.