மெகாபிக்சலைக் கேட்கும் முன் வருடத்தைக் கேளுங்கள்

கொழும்பில் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலோ பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டியிலோ ஒரு போன் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். கமரா எத்தனை மெகாபிக்சல், ரெம் (செயலிகள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக இடம்) எத்தனை, 5ஜி வேலை செய்யுமா என்ற மூன்று கேள்விகளும் மாறி மாறிக் காதில் விழும். கேட்பவர் அந்தப் போனில் செய்யப்போவதோ வட்ஸ்அப், அலுவலக மின்னஞ்சல், வங்கிச் செயலி, படுக்கும் முன் கொஞ்சம் யூடியூப். இந்த வேலைகளில் 108 மெகாபிக்சலுக்கு எந்த வேலையும் இல்லை.

திருத்துமிடங்களில் "இனி இது சரிவராது" என்று ஒதுக்கப்படும் போன்களை எடுத்துப் பார்த்தால் அநேகமானவற்றில் கமரா நன்றாகவே இருக்கும். படமும் செயலியும் சேரும் நினைவகம் நிரம்பி எழுத்து எழுத்தாகத் தவழ்ந்துகொண்டிருக்கும். அல்லது வங்கிச் செயலி "இந்தப் பதிப்பில் இயங்காது" என்று கையை விரித்திருக்கும். அல்லது பற்றரி உப்பிப் பின்மூடியைத் தள்ளியிருக்கும். போன் எதனால் சாகிறதோ அதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

முதலாவது, வருடக் கணக்கு. அன்ட்ரொய்ட் போனுக்குக் கொம்பனி இரண்டு விதமான இற்றைப்படுத்தல்களைத் தருகிறது. ஒன்று அன்ட்ரொய்ட் 14இலிருந்து 15, 16 என்று பதிப்பையே உயர்த்துவது. மற்றது பாதுகாப்புத் திருத்தம், அதாவது திருடர் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பது. இரண்டாவது நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது, பூட்டு உடைந்த அலுமாரியில் நகையை வைப்பது போலத்தான். கூகுள் பிக்சல் 8 (2023), சாம்சங் கலக்ஸி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு 7 வருடம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்றில்லை. கலக்ஸி ஏ16 5ஜி போன்ற குறைந்த விலை மொடலுக்கே 6 வருடம் உண்டு. அதே விலைத் தட்டில் இரண்டு வருடத் திருத்தத்தோடு கைகழுவும் மொடல்களும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். கமரா எண் மட்டும் பெரிதாக இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: வருடம் எண்ணத் தொடங்குவது நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல, அந்த மொடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. 2022இல் வெளியான, 4 வருடத் திருத்தம் உள்ள போனை 2025இல் "புத்தம் புதிது, சீல் உடைக்காதது" என்று வாங்கினால் கையில் வருவது ஒரு வருடம்தான். விலை இறக்கியிருக்கிறார்கள் என்றால் ஏன் என்று முதலில் பாருங்கள். கடையிலேயே அமைப்புகளில் "போன் பற்றி" என்ற பகுதிக்குப் போய், பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியைப் படிக்கலாம். வை-பையில் இணைத்துப் புதிய பதிப்பைத் தேடிய பிறகும் திகதி ஒரு வருடம் பழையதாகவே நின்றால், செய்த கொம்பனியே அதை மறந்துவிட்டது என்று பொருள்.

வட்ஸ்அப்பும் காத்திருக்காது. 2025 ஜனவரியில் அன்ட்ரொய்ட் 4.4ஐக் கைவிட்டது; அதே வருடம் மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள ஐபோன்களை விட்டது. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் அதோடு போயின.

நினைவகம்: எண்ணிக்கை மட்டுமல்ல, வேகமும்

பெட்டியில் "128 ஜிபி" என்று இரண்டு போன்களில் ஒரேமாதிரி எழுதியிருக்கும். ஒன்றில் இருப்பது இஎம்எம்சி என்ற நினைவக வகை, மற்றதில் யுஎஃப்எஸ் என்ற வகை. இஎம்எம்சி 5.1 வினாடிக்குச் சுமார் 250 முதல் 300 எம்பி வரை படிக்கும், யுஎஃப்எஸ் 2.2 ஏறக்குறைய 1000 எம்பி படிக்கும். அதோடு, இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது. வட்ஸ்அப்பில் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஜிமெயிலைத் திறந்தால் போன் மூச்சுத் திணறுவது அதனால்தான். ரெம் குறைவு என்று பழி ரெம்மின் மேல் விழும். மொடல் பெயரைப் போட்டு விபரப் பட்டியலைத் தேடினால் எந்த வகை என்று தெரிந்துவிடும். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அவரைக் குறை சொல்ல வேண்டாம், பெட்டியில் அநேகமாக எழுதியிருக்காது.

"8+8 ஜிபி ரெம்" என்ற விளம்பரத்தில் முதல் எட்டுத்தான் ரெம். இரண்டாவது எட்டு, நினைவகத்தில் ஒரு துண்டை எடுத்து ரெம் போல நடிக்க வைப்பது. நினைவகம் இஎம்எம்சியாக இருந்தால் அந்த நடிப்பும் எடுபடாது. செய்தி, மின்னஞ்சல், செயலிகள், இணையம் இவ்வளவுக்கும் மெய்யான 6 ஜிபி ரெம் தாராளம். 4 ஜிபியில் சமாளிக்கலாம், ஆனால் மூன்றாம் வருடம் கஷ்டம். நினைவகம் 128க்குக் கீழே வேண்டாம். பிளாஷ் நினைவகத்துக்கு எழுதவும் துப்புரவாக்கவும் வெற்றுக் கட்டங்கள் வேண்டும். நிரம்ப நிரம்ப அது வேகம் குறையும். குடும்பக் குழுக்களில் காலை வணக்கப் படங்கள் தினமும் குவிகிற நாட்டில் 64 ஜிபி எத்தனை நாள் தாங்கும்? போனை எது வாங்கினாலும் வட்ஸ்அப் அமைப்புகளில் படம், காணொளி தானாக இறங்குவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு நினைவகம் கண்ணுக்குத் தெரியாது. கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றும் அதைப் பகிர்கின்றன. அன்ட்ரொய்டில் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. அது நிரம்பினால் உங்களுக்கு வரும் மின்னஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். நேர்முகத் தேர்வுக் கடிதம் வரவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வட்ஸ்அப் காப்புப் பிரதியில் காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை அணைத்தாலே பாதி நெருக்கடி தீரும்.

திரையைத் தமிழில் சோதியுங்கள்

கடையில் காட்சிக்கு ஓடும் படம் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். 6.7 அங்குலத் திரையில் 720க்கு 1600 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 260 புள்ளி. 1080க்கு 2400 என்றால் சுமார் 390. ஆங்கிலம் படிக்க முதலாவது போதும். தமிழில் சின்ன எழுத்தில் ண, ன வேறுபாடும், மெய்யெழுத்தின் தலைப் புள்ளியும் மங்கிவிடும். வயதான அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இதற்காக மட்டுமே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். உங்கள் போனிலிருந்து தமிழில் நாலு வரி அனுப்பி, வாங்கப்போகும் போனில் திறந்து படித்துப் பாருங்கள். பிறகு அதை வாசலுக்குக் கொண்டுபோய்க் காலி வீதி வெயிலில் ஒருமுறை படியுங்கள். திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹேர்ட்ஸ் இருந்தால் விரலுக்குச் சுகம், இல்லாவிட்டாலும் வேலை கெடாது.

செய்தி ஏன் பிந்தி வருகிறது

"போனைத் திறந்தால்தான் மெசேஜ் வருகிறது" என்ற முறைப்பாட்டில் போனும் சிம்மும் பெரும்பாலும் குற்றமற்றவை. பற்றரி நீடிக்கிறது என்று காட்டுவதற்காகச் சில கொம்பனிகளின் மென்பொருள், பின்னணியில் இருக்கும் செயலிகளைக் கொன்றுவிடுகிறது. அமைப்புகளில் செயலிகள், வட்ஸ்அப், பற்றரி என்று போய்க் கட்டுப்பாடு இல்லை என்ற தெரிவை வையுங்கள். தானாகத் தொடங்கும் அனுமதி என்று தனியாக இருந்தால் அதையும் கொடுங்கள். ஜிமெயிலுக்கும் வங்கிச் செயலிக்கும் அப்படியே. ஐபோனில் வேறொரு கதை: அப்பிளின் சொந்த மின்னஞ்சல் செயலி ஜிமெயிலை இடைவெளி விட்டு எட்டிப் பார்த்துத்தான் எடுக்கும். உடனே மணி அடிக்க வேண்டுமானால் ஜிமெயில் செயலியைப் போடுங்கள்.

ஹுவாவே போன்கள் கட்டமைப்பில் நல்லவை. ஆனால் 2019 மே மாத அமெரிக்கத் தடைக்குப் பிறகு வந்த புது மொடல்களில் அநேகமானவற்றில் கூகுள் சேவைகள் இல்லை. சுற்றுவழிகள் உண்டு, அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சுற்றுவழியை நம்பி வாங்க வேண்டாம்.

1909க்கு ஒரு குறுஞ்செய்தி

இலங்கையில் விற்கும் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்க வேண்டும். காசு கொடுக்கும் முன் அந்தப் போனில் *#06# அடியுங்கள். அந்தப் போனின் அடையாள எண்ணான 15 இலக்க எண் வரும், இரட்டைச் சிம் போனில் இரண்டு வரும். பின்னால் சாய்கோடு போட்டு இரண்டு இலக்கம் இருந்தால் அதை விடுங்கள், 15தான் கணக்கு. ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த எண் என்று தட்டி உங்கள் போனிலிருந்து 1909க்கு அனுப்பினால் பதில் வரும். இரண்டு எண்ணையும் தனித்தனியாக அனுப்புங்கள். திரையில் வரும் எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் எழுதும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில்லில் கொம்பனி வொரண்டியா கடை வொரண்டியா என்று எழுதி வாங்குங்கள். கடை வொரண்டி என்றால் கடை இருக்கும்வரைதான். புறக்கோட்டை குறுக்குத் தெருக்களில் பெயர்ப்பலகை மாறும் வேகம் உங்களுக்கே தெரியும். பில் தர மறுத்தாலோ சொன்னதற்கு மாறாகக் கொடுத்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம்.

சீனச் சந்தைக்கான போனில் உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி விற்பதும் நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது; வங்கிச் செயலி திறக்காமல் போகலாம், புதிய பதிப்பு வராமல் போகலாம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் பிளே ஸ்டோர் பற்றிய பகுதியைத் திறந்தால் சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று காட்டும். சான்று இல்லை என்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே 4ஜிக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பான்ட் 3 முக்கியம். அது இல்லாத போன் அரிது. அதிகம் தவறவிடப்படுவது வோல்ட்டி, 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்கும் வசதி. வெளிநாட்டுப் பதிப்பில் அது உங்கள் வலையமைப்போடு சேராவிட்டால், அழைப்பு எடுத்தவுடன் போன் பழைய வலையமைப்புக்கு இறங்கும், இணையம் தவழும். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு எடுத்து, மேலே 4ஜி அடையாளம் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். 5ஜி இருந்தால் சந்தோஷம். அதற்காகத் திரையையும் நினைவகத்தையும் குறைத்த மொடலை எடுப்பதில் அர்த்தமில்லை.

பாவித்த ஐபோன் வாங்குகிறீர்கள் என்றால்

அமைப்புகளில் பொது, பின்னர் "பற்றி" என்ற பக்கத்தைத் திறந்து மூன்று விடயம் பாருங்கள். வலையமைப்புப் பூட்டு என்ற வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். மாற்றிய பாகங்கள் இருந்தால் அதே பக்கத்தில், ஐபோன் 12 முதல் திரை, பற்றரி, கமராவுக்குத் தனித்தனியாகக் காட்டும். மூன்றாவது மொடல் எண். சாய்கோட்டுக்கு முன் ஆங்கில எல்எல் என்று இருந்தால் அமெரிக்காவிலிருந்து வந்தது: ஐபோன் 14இலிருந்து அங்கு விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள் ஏற்றும் இ-சிம் மட்டுமே. ஜே என்றால் ஜப்பான். படம் எடுக்கும் சத்தத்தை அணைக்க முடியாமல் இருக்கலாம், அப்படியானால் கோயிலில் எடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பற்றரியின் ஆரோக்கியம் 80 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பற்றரிக் காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு உள்ளே இருந்தால், "பிறகு எடுத்துத் தருகிறேன்" என்ற வார்த்தையை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். அவர் வராவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு.

பற்றரி 5000 எம்ஏஎச் என்றால் இந்த வேலைகளுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். சார்ஜருக்கு நம் நாட்டின் மூன்று சதுர முனை உள்ளதை வாங்குங்கள். இரண்டு தட்டை முனைச் சார்ஜரை நடைபாதையில் வாங்கிய மாற்றியில் (அடப்டரில்) சொருகினால் தொடுப்பு தளர்ந்து சூடேறிப் பிளாஸ்டிக் உருகலாம். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் சார்ஜ் துளையை மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்றின் வேலை. தூசியும் நீரும் புகாது என்பதற்கான ஐபி68 குறி எழுதியிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல் நீருக்கு அது பொருந்தாது.

புதுப் போன் வந்ததும் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே வை-பையில் வைத்து, பழைய வட்ஸ்அப்பின் அரட்டை அமைப்புகளில் உள்ள இடமாற்றும் தெரிவால் கியூஆர் குறியீட்டைப் படித்து மாற்றுங்கள். அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் ஐபோனை முதல்முறை அமைக்கும்போதே இதைச் செய்வது நல்லது. அடுத்து வங்கிச் செயலிகளை ஒவ்வொன்றாகப் புதியதில் பதிந்து, ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்புச் செயலி வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மறந்தால் மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியாமல் நிற்பீர்கள். ஒரு வாரம் எல்லாம் ஓடிய பிறகு, பழைய போனில் கூகுள் கணக்கை முதலில் அகற்றி, அதன் பின்னரே முழுவதும் அழியுங்கள். கணக்கை அகற்றாமல் அழித்தால் அதை வாங்குகிறவர் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு அழைக்க நேரலாம்.