குளக்கட்டில் பழகிவிட்டு மலைக்குப் போங்கள்

பாடசாலை விடுமுறை முடிகிற கிழமைகளில் எங்கள் இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரே வகையான முறைப்பாட்டோடு சிலர் வருவார்கள். கண்டிக்கோ திருகோணமலைக்கோ குடும்பத்தோடு போய்வந்திருப்பார்கள். "ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, மிஸ். அடுத்த நாள் காலையில்தான் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை" என்பார்கள். அவர்களைப் படுக்கவைத்தது இறக்கம். ஆனால் பழி எப்போதும் ஏற்றத்தின் மேல்தான் விழுகிறது.

வன்னி சமதரை. மலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் ஊரை விட்டு விலகிக் காட்டுக்குள் இருக்கின்றன. வயல், வீதி, சந்தை, கோயில் என்று நாம் அன்றாடம் மிதிப்பதெல்லாம் மட்டமான நிலம். நடக்கச் சொன்னால், வயதானவர்கள் சிரித்துக்கொண்டு "நாங்கள் நடக்காத நடையா, பிள்ளை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வாதாட எனக்கு மனம் வராது. இவர்கள் எவ்வளவு தூரம், எதற்காக நடந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் சமதரையில் எத்தனை மைல் நடந்த காலும் சரிவில் இறங்கப் பழகியிருக்காது.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். நாமாகவே நின்று ஆறுவோம். இறக்கத்தில் அப்படியொரு எச்சரிக்கை கிடைப்பதில்லை. தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சைக்கிளில் பாரம் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே போவதைப் போன்ற வேலை அது. பழகாத தசையில் இது நுண்ணிய சிதைவுகளை உண்டாக்கும். வலி உடனே தெரியாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாக அடங்கிவிடும். இதற்கு ஊசியும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் கதை வேறு. படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் உடல் எடையின் மூன்று மடங்குக்கு மேல் சுமை விழுகிறது. அவர்களுக்கு எந்த மலை என்பதே முதற் கேள்வி.

மிகிந்தலையை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே 1,840 படிகள் என்பார்கள். பாதிப் படியில் அம்மாவை உட்காரவைத்துவிட்டுப் பிள்ளைகள் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் யாருக்கு என்ன மகிழ்ச்சி? நகரத்துக்குள்ளேயே, மர நிழலோடு, சரிவாக ஏறும் பாதை உள்ள இடங்கள் இருக்கின்றன. திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை அப்படிப்பட்டது. கோட்டை வாசலில் இறங்கிக்கொண்டால் மரங்களுக்கு இடையில், புள்ளிமான்கள் மேய்வதைப் பார்த்தபடி கோயில்வரை மெதுவாக ஏறலாம். நம்மவர்கள் வாகனத்தை முடிந்தவரை மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிச் சாரதியோடு சண்டை பிடிக்கிறார்கள். மூட்டு நன்றாக இருப்பவர்கள் இதைச் செய்யும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும்.

கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலே காடு இன்னொன்று. ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பு. 1938 முதல் சரணாலயம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஆங்கிலேய ஆளுநர்களின் மனைவியர் பெயர்களைத் தாங்கிய பாதைகள் காட்டைச் சுற்றிப் போகின்றன. அகலமான முதன்மைப் பாதையிலேயே நின்றுகொள்ளுங்கள்; கிளைப் பாதைகளில் வேர்களும் வழுக்கலும் உண்டு. குரங்குகள் பையைப் பறிக்கும். மழைக்காலத்தில் அட்டை இருக்கும். அட்டையைப் பிய்த்து எறியாமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசிவது இயல்பு, அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மழை நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

போவதற்கு ஒரு மாதம் முன்பே கால்களைப் பழக்கத் தொடங்குங்கள். அதற்கு நம்மிடம் இருப்பது குளக்கட்டு. வவுனியாவில் வைரவப்புளியங்குளம், கிளிநொச்சியில் நகரக் குளம் என்று எந்தக் குளமானாலும் சரி, கட்டின் மேல் நடப்பது சமதரை நடைதான். கட்டுக்கு ஏறி இறங்கும் சரிவான பாதையில்தான் பயிற்சி இருக்கிறது. முதற் கிழமை மூன்று முறை ஏறி இறங்கினால் போதும். கால் நோகாவிட்டால் அடுத்த கிழமை ஐந்து. இறங்கும்போது காலடியைச் சுருக்கி, முழங்காலைச் சற்று மடித்து வையுங்கள். நேராக விறைத்த காலை ஊன்றினால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகும். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பொழுதுபட்ட பிறகு புல்லுக்குள் கால் வைக்காதீர்கள், புடையன் பாம்பு இருக்கும். காட்டோரக் குளங்களில் யானை வரும் நேரம் எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு வாசற்படி போதும். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாகக் கீழே வைத்து மீண்டும் மேலே எடுக்க வேண்டும். மெதுவாக என்பதுதான் இதில் முக்கியம். பொத்தென்று விழுகிற கால் எதையும் பழகிக்கொள்வதில்லை.

ஊன்றுகோல் வைத்திருப்பவர்களில் பலர் அதை நோகிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். இடது முழங்கால் நோகிறது என்றால் கோல் வலது கையில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு உயரத்தில் வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் நோகிற காலும் முதலில்.

செயற்கைக் காலோடு நடப்பவர்களுக்கும் இதே ஒழுங்குதான். நம் பகுதியில் இவர்கள் தொகை குறைவில்லை. சுற்றுலா என்றால் "நான் வாகனத்தில் இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்று தாங்களே விலகிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். விலக வேண்டியதில்லை. ஆனால் முழங்காலுக்கு மேல் இழந்தவர்கள் சரிவில் இறங்குவதைத் தனியாகப் பழக வேண்டும். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, செயற்கைக் காலைக் கீழ்ப்பக்கம் முதலில் வைத்து, நல்ல காலை அதனோடு சேர்த்து இறங்குவது பாதுகாப்பானது. வியர்வையில் காலுறை நனைந்தால் தோல் உரசிப் புண்ணாகிவிடும். உலர்ந்த காலுறை ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து, கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் நெடுநேரம் சிவப்பு மறையாவிட்டால் அன்றைய நடை அதோடு போதும்.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கோயில் என்றால் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். மத்தியான வெயிலில் சுட்டிருக்கும் கல்லிலும் சீமெந்துத் தரையிலும், பாத உணர்ச்சி குறைந்தவர் சூடு தெரியாமல் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார். கொப்புளம் வீட்டுக்கு வந்த பிறகே கண்ணில் படுகிறது. அது புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைவரை போகலாம். காலைப் பூசைக்கு அல்லது வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மற்ற நேரங்களில் காலுக்கு அளவான சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போடுங்கள். புதிதாக வாங்கிய சப்பாத்தைப் பயணத்தன்று முதன்முதலாகப் போடாதீர்கள். இரவு உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பாருங்கள், அல்லது பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையில் பழகிய உற்சாகத்தில் நம் காடுகளுக்குள் நினைத்தபடி இறங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது; நிலத்தைத் துப்புரவு செய்து முடிக்க 2028 ஜூன் 1 கெடு. சிவப்புப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும், ஆட்கள் வழக்கமாகப் போய்வரும் பாதையை விட்டு விலகாதீர்கள்.

கடைசியாக, குளக்கட்டில் பழகும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அதே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி வலித்து, சில நிமிடம் நின்றால் விட்டுப்போய், மீண்டும் நடந்தால் மீண்டும் வருகிறதா? அது தசைப்பிடிப்பாக இல்லாமல் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் ஒடுங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். புகைப்பவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் இது கூடுதலாக வருகிறது. எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தாடைக்கும் இடது கைக்கும் நோ பரவினாலோ கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.